வாய்க்குப் பழகிய இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும்: குரூப் 4 பிழை திருத்தம், கேள்வி பதில்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதப்போகும் தம்பி தங்கைகள் பிழை திருத்தம் பற்றிக் கேட்டவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறேன். நான் தமிழாசிரியை இல்லை. ‘அல்லேன்’ என்றுதான் எழுத வேண்டும், அதற்கும் ஒரு கேள்வி வந்திருக்கிறது, அப்புறம் பார்ப்போம். சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். முதல் முறை எழுதியபோது இந்தப் பகுதியில்தான் கோட்டைவிட்டேன். தமிழ்ப் பகுதிக்கு 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வாழப்பாடித் தம்பி: அக்கா, வாக்கியத்தைப் படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது. பிழையை எங்கிருந்து தேடுவது?

கடைசியிலிருந்து. வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல், அதாவது வினைமுற்று, கோடியில்தானே நிற்கிறது, முதலில் அதைப் பிடியுங்கள். பிறகு ‘எது’, ‘யார்’ என்று கேட்டுக்கொண்டு பின்னால் வாருங்கள். ‘ஏற்காடு ஏரியில் படகுகள் மிதக்கிறது’ என்ற வாக்கியம் காதுக்கு உறுத்தாது. ஐந்து ரோட்டிலிருந்து அம்மாபேட்டை வரைக்கும் நாம் எல்லாரும் ‘வண்டிங்க நிக்குது’, ‘ஆடுங்க மேயுது’ என்றுதான் பேசுகிறோம். கேள்வி எடுப்பவருக்கும் அது தெரியும். நம் வாய்க்குப் பழகிய இடமாகப் பார்த்துத்தான் பிழையை வைக்கிறார். மிதக்கிறது, எது? படகுகள். ஆகவே ‘மிதக்கின்றன’. இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. ‘மிதக்கிறன’ என்று ஒரு விடை கொடுத்திருப்பார்கள். பலவின்பால், அதாவது அஃறிணைப் பன்மை, நிகழ்காலத்தில் ‘கின்று’தான் வரும், ‘கிறு’ வராது. ‘படகுகள் மிதக்கும்’ என்று வந்தால் கை வைக்காதீர்கள். ‘மிதக்கும்’ ஒருமைக்கும் பன்மைக்கும் பொது.

அயோத்தியாப்பட்டணத்துத் தங்கை: ‘மலையில் மாடு மேய்ந்தன’ பிழைதானே? ‘மாடுகள்’ என்று இருக்க வேண்டாமா?

வேண்டாம், அது பிழையே இல்லை. ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ இரண்டும் சரி. இப்படி ‘கள்’ சேராமல் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொதுவாக நிற்கும் பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது நன்னூல். ஒன்றா பலவா என்பதை வினைமுற்றுதான் காட்டும். நான் படித்த ஒரு பயிற்சி மையத்தின் விடைக்குறிப்பில் இதைப் பிழை என்றே அச்சடித்திருந்தார்கள். ஒரு வாரம் குழம்பித் திரிந்தேன். விடைக்குறிப்பையும் சந்தேகப்படலாம், தப்பில்லை.

நாகலூர்த் தம்பி: எங்கள் ஊரே காப்பித் தோட்டம்தான். ஆனால் ‘காப்பித் தோட்டம்’ என்பதில் நடுவே ‘த்’ என்று ஒற்று வருகிறது, ‘காப்பி குடித்தான்’ என்பதில் வரவில்லை. ஏன் அக்கா?

நல்ல கேள்வி. சந்திப்பிழையில் பாதியை உன் காப்பியை வைத்தே முடித்துவிடலாம். ‘காப்பியைக் குடித்தான்’ என்னும்போது ‘ஐ’ வெளியே தெரிகிறது, ஒற்று வந்தே தீரும். ‘ஏற்காட்டுக்குப் போனான்’ என்று ‘கு’ தெரிந்தாலும் அப்படியே. ‘காப்பி குடித்தான்’ என்றால் ‘ஐ’ மட்டும் மறைந்திருக்கிறது, ஒற்று வராது. ‘காப்பித் தோட்டம்’ என்பதை விரித்துப் பார். காப்பியை உடைய தோட்டம். ‘ஐ’யும் மறைந்து, ‘உடைய’ என்ற சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து மறைந்தால் ஒற்று வரும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசும் இதே கணக்கு. வெள்ளியால் செய்த கொலுசு, அதனால் ‘வெள்ளிக் கொலுசு’. ஆனால் ‘கொலுசு செய்தான்’ என்பதில் ‘ஐ’ மட்டும்தான் மறைந்திருக்கிறது, ஒற்று கிடையாது.

அடுத்தது எச்சம், அதாவது முற்றுப்பெறாமல் நிற்கும் வினை. ‘பறித்துக் கொடுத்தான்’ என்பதில் வரும், ‘செய்து கொடுத்தான்’, ‘வந்து கொடுத்தான்’ என்பவற்றில் வராது. கடைசி ‘து’வுக்கு முன்னால் என்ன எழுத்து என்று பார். ‘த்’ என்ற வல்லினம் இருந்தால் ஒற்று வரும். ‘ய்’, ‘ந்’ போல இடையினமோ மெல்லினமோ இருந்தால் வராது. ‘பழுக்காத காய்’ என்பதில் ஒற்று இல்லை. அதே சொல் வால் அறுந்து ‘பழுக்கா’ என்று நின்றால் ‘பழுக்காக் காய்’.

எண்களில் எட்டும் பத்தும்தான் தொல்லை. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்ற இரண்டு பெயரையும் நினைவில் வைத்தால் போதும். எட்டுப் பேர், பத்துப் பழம், ஆனால் ஐந்து பேர், ஏழு பழம்.

ஓமலூர்த் தங்கை: ஒரு, ஓர்?

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஓர்’. ஓர் ஊர், ஓர் ஏரி, ஓர் இளைஞர். மற்றதற்கெல்லாம் ‘ஒரு’. ‘ஓர் யானை’ என்று வைத்து மாட்டிவிடுவார்கள். ‘யா’ உயிர்மெய், ஆகவே ‘ஒரு யானை’. தேர்வறையில் மட்டும் இப்படி. பேருந்தில் ஏறி ‘ஓர் ஏற்காடு கொடுங்கள்’ என்று கேட்டால் நடத்துநர் மேலும் கீழும் பார்ப்பார்.

இளம்பிள்ளைத் தங்கை: எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. ‘இது பட்டு அல்ல’ என்று எழுதினால் ஏன் தவறு?

‘அல்ல’ பலவற்றுக்கு உரியது. ‘இது பட்டு அன்று’, ‘இவை பட்டுச் சேலைகள் அல்ல’. மனிதர்களுக்கு அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர். நமக்கு நான் அல்லேன், நாம் அல்லோம். எதிரில் இருப்பவருக்கு நீ அல்லை, நீவிர் அல்லீர். ‘இல்லை’ என்பது பொருளே அங்கு இல்லாதபோது வரும். பெட்டியில் பட்டு இல்லை. பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘இல்ல’ ஒன்றே போதும் நமக்கு, அதனால்தான் இந்தக் கேள்வியில் மதிப்பெண் போகிறது.

ஆத்தூர்த் தம்பி: மரபுப் பிழையை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியே இல்லையா?

பாதிக்கு மனப்பாடமே வேண்டாம், பாட்டியிடம் உட்காருங்கள். மாம்பழத்து ஊரில் பிறந்துவிட்டு மாம்பிஞ்சு என்று விடை குறிக்கலாமா? மாவடு. எந்தப் பாட்டியாவது ‘மாந்தோட்டம்’ என்பாரா? மாந்தோப்பு, தென்னந்தோப்பு, ஆனால் வாழைத்தோட்டம், கம்பங்கொல்லை. தென்னைக்குக் கீற்று, பனைக்கு ஓலை, வேம்புக்குத் தழை, முருங்கைக்குக் கீரை. தறி வீட்டில் சேலை நெய்வார்களே தவிரப் பின்ன மாட்டார்கள். கூடை முடைவார்கள், பானை வனைவார்கள், கூரை வேய்வார்கள்.

ஒலியும் குட்டியும்தான் மனப்பாடப் பகுதி. பேச்சில் எல்லாமே ‘கத்தும்’, எல்லாமே ‘குட்டி’. தேர்வில் மயில் அகவும், ஆந்தை அலறும், யானை பிளிறும், வண்டு முரலும். யானைக்கன்று, புலிப்பறழ், சிங்கக்குருளை, கீரிப்பிள்ளை. பலாவின் பிஞ்சுக்கு ‘மூசு’ என்று பெயர். மலையில் பலாமரம் வைத்திருப்பவர்களே இதைக் கேட்டு விழிப்பார்கள்.

சங்ககிரித் தம்பி: ‘சுவற்றில் எழுதாதே’ என்று ஊரெல்லாம் எழுதியிருக்கிறதே?

அதையும் சுவரில்தான் எழுதியிருக்கிறார்கள், பாவம். ஆறு ஆற்றில் ஆகும், சேறு சேற்றில் ஆகும், கயிறு கயிற்றில் ஆகும். அவை ‘று’வில் முடிகின்றன. சுவர் ‘ர்’ரில் முடிகிறது, ஆகவே ‘சுவரில்’. கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ‘முயற்சித்தான்’ வேண்டாம், ‘முயன்றான்’. ‘வாழ்த்துகள்’ என்பதில் நடுவே ‘க்’ போடாதீர்கள்.

கொண்டலாம்பட்டித் தங்கை: ‘தலைவர் தன் உரையில்’, ‘ஒவ்வொரு மாணவர்களும்’. இரண்டிலும் என்ன குறை?

‘தன்’ ஒருமைக்கு. அவன் தன், அவள் தன். மரியாதைப் பன்மை என்றாலும் பன்மைதான், ஆகவே தலைவர் தம் உரையில். ‘ஒவ்வொரு’ என்று சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? ஒவ்வொரு மாணவரும்.

எடப்பாடித் தம்பி: ‘முதல்வர் நாளை சேலம் வருகிறார்.’ நாளை என்றால் ‘வருவார்’தானே?

கண்டிப்பாக வருவார் என்ற உறுதியால் நிகழ்காலத்தில் சொல்கிறோம். இது கால வழுவமைதி. இலக்கணப்படி வழு, ஆனாலும் ஒரு காரணத்துக்காக ஏற்றுக்கொண்டது. நம் வீடுகளில் பெண் குழந்தையை ‘வாடா கண்ணு’ என்று கொஞ்சுகிறோமே, அது பால் வழுவமைதி. வினாவில் ‘வழுவமைதியைக் கண்டறிக’ என்று இருக்கிறதா, ‘பிழையை நீக்குக’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மேட்டூர்த் தங்கை: ‘ஏற்காடு’ என்பது ஏரி, காடு சேர்ந்ததா? அப்படியென்றால் ‘ஏரிக்காடு’ என்றல்லவா வர வேண்டும்?

விதிப்படி ஏரிக்காடுதான். அது மருவி ஏற்காடு ஆயிற்று என்பார்கள். ஊர்ப்பெயர் நாக்கில் உருண்டு உருண்டு தேய்வது. அதில் பிழை திருத்தக் கிளம்பினால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தாலும் தீராது. மரூஉ, அதாவது மருவிய பெயர் என்று கேட்டால் தஞ்சாவூர் தஞ்சை, கோயம்புத்தூர் கோவை, கும்பகோணம் குடந்தை என்று வருபவற்றைப் பார்த்துவையுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை கையில் இருக்க ஒரு வாக்கியம்:

‘சேர்வராயன் மலையில் ஒரு இளைஞர் தன் மாந்தோட்டத்து சுவற்றில் சாய்ந்தபடி, இது என் குடை அல்ல என்றார்.’

ஆறு பிழை வர வேண்டும். ஐந்துதான் வருகிறது என்றால் ஒற்றெழுத்தை இன்னொரு முறை பாருங்கள்.