போஸ்ட்டாக் முடித்து 'அப்படியே' கம்பெனிக்கு

தம்பி, கிண்டியில் பிஎச்டி வைவா முடியப்போகிறது, அமெரிக்காவில் ஜே-1 விசாவில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அடுத்த தற்காலிக ஆய்வு வேலை, கிடைத்திருக்கிறது, 'ஒரு வருஷம் இருந்துவிட்டு அப்படியே கம்பெனி வேலைக்கு மாறிவிடலாமா, சம்பளம் எவ்வளவு வரும், எந்த ஊர் நல்லது' என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம், ஊர் எல்லாம் அப்புறம். அந்த 'அப்படியே'வைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதை நம்பித்தான் நானும் 2012இல் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினேன்.

அப்படியே மாற முடியாது. ஜே-1 என்பது உங்களை அழைத்த பல்கலைக்கழகத்தோடு கட்டிய விசா. கம்பெனிக்குப் போக பெரும்பாலும் எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். வருஷத்துக்கு 65,000 இடம். மார்ச்சில் கம்பெனி உங்கள் பெயரைப் பதிய வேண்டும், குலுக்கலில் உங்கள் பெயர் வந்தால் அக்டோபரில் வேலை. இன்னொரு 20,000 இடம் உண்டு, ஆனால் அது அமெரிக்காவிலேயே மாஸ்டர்ஸோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு. நம் சென்னை பிஎச்டி அதில் சேராது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பொங்கல் விழாவில் பார்க்கும் நம்மவர்கள், 'முதலில் வந்து சேருங்கள், மற்றது தானாக நடக்கும்' என்பார்கள். அவர்களில் பலர் இங்கே எம்எஸ் படித்தவர்கள், அவர்கள் வந்த வழி வேறு.

பல்கலைக்கழக வேலைக்கு எச்-1பி என்றால் குலுக்கல் கிடையாது. அதனால்தான் அங்கேயே இன்னொரு வருஷம், இன்னொரு பேப்பர் என்று காலம் கரைகிறது. என் பேராசிரியர் மூன்று வருஷம் அதையே சொன்னார். இரவிலும் லேப்பில் நிற்கும் ஆளை யார் விடுவார்கள்?

ஜே-1இல் வந்த சிலர், எச்-1பி போன்ற விசாவுக்கு மாறும் முன் இரண்டு வருஷம் ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பாருங்கள். எனக்கு அதற்கு விலக்கு வாங்கவே ஏழெட்டு மாதம் ஆனது. எந்த நாட்டுக்கு எந்தத் துறையில் இந்த நிபந்தனை என்று ஒரு பட்டியல் உண்டு, 2024 டிசம்பரில் அதிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆனால் அரசுப் பணத்தில் ஃபெல்லோஷிப் என்றால் இன்னும் பொருந்தும். ஜே-1க்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் டிஎஸ்-2019 படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், உங்களுக்கு இது பொருந்துமா என்று கேளுங்கள்.

கம்பெனி வேலைதான் குறி என்றால், தரமணி ஐஐடி ரிசர்ச் பார்க்கில் இருக்கும் கம்பெனிகளிடம் இப்போதே பேசுங்கள். பன்னாட்டுக் கம்பெனியின் சென்னைக் கிளையில் ஒரு வருஷம் வேலை பார்த்தவரை அவர்கள் நினைத்தால் எல்-1 என்ற கம்பெனிக்குள் இடமாற்ற விசாவில் அமெரிக்காவுக்கு அனுப்பலாம், அதற்குக் குலுக்கல் இல்லை. போஸ்ட்டாக்தான் என்றால் போன முதல் மாதமே கம்பெனி வேலை தேடுங்கள்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம் போதும். நான் பதினோரு பக்கம் வைத்திருந்தேன். கூட இருந்த மதுரை நண்பர் பேப்பர் பட்டியலை முழுக்க அடித்துவிட்டு, 'நீ கையால் என்ன செய்தாய்?' என்றார். கிண்டி லேப்பில் உலையின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி எரிந்துபோனபோது, புதிது வாங்கப் பணம் வராமல், சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கிப் பாகங்கள் வாங்கி நானே பொருத்தினேன். அதை எழுது என்றார். நேர்முகத் தேர்வில் அரை மணி நேரம் அந்த உலையைப் பற்றித்தான் கேட்டார்கள்.