விடுதிக்குப் போகும் மகனுக்கு மருந்துப் பெட்டி மட்டும் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. இன்னும் இரண்டு மாதங்களில் கல்லூரி விடுதியில் சேரப் போகிறான். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா இருப்பதால் இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறான். மருந்து, மருத்துவர் என எல்லாவற்றையும் இதுவரை நானே பார்த்துக்கொண்டேன். என்னென்ன மருந்துகளைக் கொடுத்தனுப்ப வேண்டும்?

பதில்: மருந்துகளின் பட்டியலைச் சொல்வது எளிது, அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ‘நானே பார்த்துக்கொண்டேன்’ என்ற சொற்கள்தான். வேளை தவறாமல் மருந்தை நினைவூட்டியதும், இருமலின் ஒலியைக் கேட்டே இரவில் மூச்சிரைக்கும் என்று கணித்ததும், மருத்துவரிடம் நோய்க்குறிகளை எடுத்துச் சொன்னதும் நீங்களாகவே இருந்திருப்பீர்கள். இந்த வேலைகளை ஒவ்வொன்றாக மகனிடம் ஒப்படைப்பதற்கு, தவறினால் திருத்த நீங்கள் அருகில் இருக்கும் இந்த இரண்டு மாதங்களைவிட நல்ல காலம் அமையாது.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மகனையே பேச விடுங்கள். இயன்றால் நீங்கள் வெளியே காத்திருங்கள். வழக்கமாக இருவகை இன்ஹேலர்கள் தரப்படுகின்றன. மூச்சுக்குழாயின் அழற்சியைக் குறைக்கும் தடுப்பு மருந்தைத் தொந்தரவு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். நிவாரண மருந்து, இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்துவது. (சிலருக்கு இரண்டுக்கும் ஒரே கருவியை மருத்துவர் பரிந்துரைத்திருக்கலாம்.) ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு, நிவாரண மருந்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு திரிவதே இந்த வயதில் நான் அடிக்கடி காணும் தவறு. நிவாரண மருந்து வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, நிவாரண மருந்து பலன் தராவிட்டாலோ, தந்த பலன் நான்கு மணி நேரம்கூட நிற்காவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை அறைத் தோழரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு நோயை மறைக்கும் பிள்ளைகள் உண்டு; நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது உதவக்கூடியவர் அந்தத் தோழர் ஒருவர்தான்.

காய்ச்சலைப் பொறுத்தவரை, வெப்பமானியில் பார்க்கவும், பாராசிட்டமாலை அளவறிந்து எடுக்கவும் பழக்குங்கள். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு என்பது உச்ச வரம்பு. சளிக்காக விற்கப்படும் பல கூட்டு மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருப்பதை அறியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்குவது கல்லீரலைப் பாதிக்கும். ஆகவே அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பதால், தோழர் கொடுத்தார் என்று எதையும் எடுக்கக் கூடாது. மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் இது பொருந்தும்.

பலர் நெருங்கி வாழும் விடுதிகளில் மெனிங்கோகாக்கல் என்னும் மூளையுறை நோய்த்தொற்று பரவும் வாய்ப்பு கூடுதல். இதற்கான தடுப்பூசியோடு தட்டம்மை, ஹெப்படைடிஸ் பி, எச்பிவி (சில புற்றுநோய்களுக்குக் காரணமாகும் வைரஸ்) ஆகியவற்றின் தவணைகள் முடிந்துள்ளனவா என்று இப்போதே பாருங்கள். சிலவற்றின் தவணைகளுக்கு இடையே வாரங்கள் அல்லது மாதங்கள் இடைவெளி விட வேண்டியிருக்கும். காய்ச்சலுடன் கழுத்து விறைப்பதும், வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்வதும், கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாத புள்ளிகள் தோலில் தோன்றுவதும் அவசர சிகிச்சைக்கான அறிகுறிகள்.

உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், பசித்தால் சாப்பிடுவார். தூக்கம் அப்படியல்ல. இரவில் ஏழு மணி நேரத்துக்குக் குறைவான உறக்கம் நாள்கணக்கில் தொடர்ந்தால் படிப்பும் மனநிலையும் சேர்ந்தே சரியும். வீட்டு நினைவால் முதல் சில வாரங்கள் வாடுவது இயல்பு. ஆனால் எதிலும் நாட்டமின்மை, உறக்கக் குலைவு, வகுப்புக்குப் போகாமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். இதை உங்களிடம் சொல்லவும் மகனுக்கு இடம் இருக்க வேண்டும். தினமும் தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா, மருந்து எடுத்தாயா’ என்று மட்டும் கேட்டால், ‘ம்’ என்ற பதிலுக்கு மேல் எதுவும் வராது.

இனி, நீங்கள் கேட்ட பட்டியல்: இரு மாதங்களுக்கான தடுப்பு மருந்து, நிவாரண இன்ஹேலர்கள் இரண்டு (ஒன்று அறைக்கு, மற்றொன்று எப்போதும் தோள்பைக்கு), ஸ்பேசர் (இன்ஹேலருடன் பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்), பாராசிட்டமால், வெப்பமானி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், காயத்துக்கான கட்டுத்துணி, மருந்துச் சீட்டின் பிரதி, ஒவ்வாமை விவரமும் தடுப்பூசி விவரமும் எழுதிய தாள். இவற்றைப் பெட்டியில் அடுக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். காலாவதித் தேதிகளையும் அவரே பார்க்கட்டும்.