கோவையில் முதியோர் குடியிருப்பில் அப்பாவுக்கு வீடு பார்க்கிறோம். அங்கே சேவை எல்லாம் உண்மையில் எப்படி இருக்கும்?

அப்பாவுக்கு 78, தனியாக இருக்கிறார், தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு மாதிரி வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், தோட்டமும் நடைபாதையும் பிடித்துப்போய்விட்டது, முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளூர்க்காரர்களாக இருந்தால் இதை இங்கே வந்து கேட்க மாட்டீர்கள், அங்கே வேலை பார்க்கிற யாராவது ஒருவரைப் பேக்கரியில் பிடித்து விசாரித்திருப்பீர்கள்.

என் பதில் ஒரு வரிதான். அங்கே குடியிருக்கும் ஒரு பெரியவர் ராத்திரி தெரியாமல் அவசர மணியை அடித்துவிட்டால், ஓடி வருகிற ஆள் என்ன முகத்தோடு வருகிறார் என்று பாருங்கள். தோட்டம், யோகா ஹால், நூலகம் எல்லாம் அப்புறம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளும்.

எங்கம்மாவுக்கு இப்போது 83. அப்பா போனபிறகு சிங்காநல்லூர் வீட்டில் மூன்று வருஷம் தனியாக இருந்தார். தம்பி அமெரிக்காவில். நான் திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். உடனே கீழே ஒருவர் வந்து "பெற்ற தாயை உங்க வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாதா" என்று எழுதுவார் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரே இரண்டு முறை நேரில் போய்க் கூப்பிட்டார். "மருமவன் ஊட்டுல போயி மாசக்கணக்குல உக்காந்துட்டா நாலு சனம் என்ன பேசும்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். கொங்குப் பக்கம் இந்தத் தலைமுறை அம்மாக்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மகன் வீடு உரிமை, மகள் வீடு விருந்து. விருந்துக்கு நாலு நாளைக்கு மேல் தங்கக் கூடாது.

சரி, வீட்டை விற்று, மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பில் ஒரு படுக்கையறை வீடு வாங்கினோம். பெயர் சொல்ல மாட்டேன், தனிச்செய்தியில் கேட்காதீர்கள். நான் அவர்களைத் திட்டவும் இல்லை, அவர்களுக்கு விளம்பரம் செய்யவும் இல்லை.

முதல் வருஷம் நன்றாகவே போனது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், சுற்றிலும் ஆஸ்பத்திரிகள் என்று கோவைக்கு மற்ற ஊர்க்காரர்கள் வந்து குடியேறச் சொல்கிற காரணம் எல்லாமே உண்மைதான். பேச்சுத்துணை கிடைத்தது. சாப்பாடுதான் அம்மாவுக்குச் சரிப்படவில்லை. அரிசிம்பருப்புச் சோறு என்று பலகையில் எழுதிப்போட்டுவிட்டு ஏதோ பத்தியக் கஞ்சி மாதிரி ஊற்றினார்கள். சீரகம், பூண்டு தாளித்த வாசமே இல்லை. சந்தகை கேட்டால் கடையில் விற்கிற காய்ந்த சேவையை வெந்நீரில் போட்டுக் கொடுத்தார்கள். இதெல்லாம் பெரிய குறை என்று சொல்ல வரவில்லை.

குளியலறையில் கழிப்பறைப் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் கேட்டில் காவலாளி அறையில் இருக்கும் பலகையில் வீட்டு எண் எரியும், மணியும் அடிக்கும். அந்தக் கயிறு ஏன் தரை வரைக்கும் தொங்குகிறது என்று நான் முதலில் யோசிக்கவே இல்லை. விழுந்து கிடக்கிறவரின் கைக்கு எட்ட வேண்டும், அதற்குத்தான். தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் கயிற்றின் முனை இருக்க வேண்டும். நின்றுகொண்டு இழுக்கிற நிலையில் இருப்பவருக்கு அவசரக் கயிறே தேவையில்லையே.

அம்மா அதை மூன்று தடவை தப்பாக இழுத்துவிட்டார். எங்கள் பழைய வீட்டில் பாத்ரூம் விளக்குக்குக் கயிறு சுவிட்ச், அந்தப் பழக்கம். மூன்றும் ராத்திரி. வந்தவர் காவலாளி. மில் மூடினதும் செக்யூரிட்டி வேலைக்கு வந்தவர், அவருக்கே அறுபதைத் தாண்டியிருக்கும், முழங்கால் வலி. கேட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு நானூறு மீட்டராவது இருக்கும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. யானை இறங்கும் பகுதி என்பதால் கேட்டைவிட்டு வரவும் அவருக்குப் பயம். மூன்றாவது தடவை வந்தவர், "ஏனுங்க ஆத்தா, சும்மா சும்மா இழுத்தா நான் என்னங்க பண்றது" என்றாராம்.

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஊரில் கோபமும் 'ங்க' போட்டுத்தான் வரும். வெளியூர்க்காரர் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பார். ஆனால் எங்கம்மா மாதிரி ஆளுக்கு அது போதும். ஒருத்தரை ராத்திரியில் இரண்டு முறை எழுப்பிவிட்டோம் என்றால் மூன்று நாள் சோறு இறங்காது.

அடுத்த நாள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் மேலாளர் ஒரு அறிவிப்புப் போட்டார். தேவையில்லாமல் அவசர மணியைப் பயன்படுத்த வேண்டாம், ஊழியர்களுக்குச் சிரமம் என்று. வீட்டு எண் போடவில்லை. ஆனால் அறுபது வீட்டுக்காரர்களுக்கும் எந்த வீடு என்று தெரியும். காவலாளியைவிட எனக்கு இந்த மேலாளர் மேல்தான் இன்றைக்கும் ஆற்றாமை.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? துடைக்க வருகிற அக்காவிடம் சொல்லி அந்தக் கயிற்றைச் சுருட்டி, கைப்பிடிக் கம்பிக்கு மேலே முடிச்சுப் போடச் சொல்லிவிட்டார். அந்த அக்காவுக்கும் வசதிதான், மாப்பு அதில் சிக்கிக்கொண்டே இருந்ததாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் அந்த மாதத்தில் மூன்று ஞாயிறு அங்கே போயிருக்கிறேன், அதே பாத்ரூமுக்குப் போயிருக்கிறேன், முடிச்சைப் பார்த்தும் இருக்கிறேன். பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை. இதை எழுதும்போதே சங்கடமாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி இரண்டரை மணி வாக்கில் அம்மா வழுக்கி விழுந்தார். கயிறு தலைக்கு மேலே. கூப்பிட்டிருக்கிறார், ஜன்னல் சாத்தியிருந்தது. காலை ஆறு மணிக்குக் காபி கொண்டு வந்த பெண் மணி அடித்துப் பார்த்து, பதில் இல்லை என்று ஓடியிருக்கிறாள். மாற்றுச் சாவி அலுவலகத்தில் இருந்தது, ஆனால் உள்ளே தாழ்ப்பாள். பின்பக்க ஜன்னல் கண்ணாடியை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் அதைத் திறக்கவே முடியாது. நல்லவேளை, அம்மா சற்றுத் தள்ளிக் கிடந்தார்.

தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. இரண்டாம் நாளே அறுவை செய்து பந்து மாதிரி இருக்கும் பகுதியை மாற்றினார்கள். எலும்பைவிட டாக்டர் அதிகம் கேட்டது எத்தனை மணி நேரம் தரையில் கிடந்தார் என்பதைத்தான். ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிடந்தால் அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், அதற்காகத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றரை மணி நேரம் என்று என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் கேட்டேன், ஏன் கட்டச் சொன்னீங்க என்று. "பாவங்கண்ணு, அந்தாளே மொழங்கால் நோவோட வாராரு" என்றார். அப்போதும் அந்தாளுக்காகத்தான் பேசினார்.

தம்பி அமெரிக்காவிலிருந்து வழக்குப் போடலாம் என்றான். அவனுக்கு வீடியோ காலில் எல்லாமே சுலபம். நான் அதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன், என் தொழிலே அதுதானே. விளம்பரத் தாளில் '24 மணி நேர செவிலியர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒப்பந்தத்தின் கடைசி இணைப்பில் 'பணியாளர் கிடைப்பதைப் பொறுத்து' என்று இருந்தது. செவிலியர் ராத்திரியில் இருந்தார், பொய் இல்லை. கிளினிக் கட்டிடத்தில் படுத்திருந்தார். மணி அவருக்கு அடிக்காது, கேட்டில்தான் அடிக்கும். காவலாளி போய்ப் பார்த்துவிட்டு அவரைப் போனில் எழுப்ப வேண்டும். மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று பைசா சுத்தமாக பில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டணத்தில் ராத்திரிக்கு எத்தனை ஆள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கம்பெனியில் ஒரு பெட்டி நூல் குறைந்தால் கேட்கிறவள் நான்.

சட்டம் என்று பார்த்தால், 2019-இல் ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுகிறவர், சேவை தருகிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்கிறது. நல்ல விஷயம், ஆனால் பெயரே 'மாதிரி'. சுவரில் விரிசல் விட்டால் ஐந்து வருஷத்துக்குக் கட்டியவர் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்று ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருக்கிறது. காவலாளியின் முகத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. உங்களிடம் மூவர் ஒப்பந்தம் தருகிறார்களா என்று கேளுங்கள். தராவிட்டால் யார் சேவை தருகிறார்கள், அந்த நிறுவனம் மாறினால் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வழக்குப் போடவில்லை. மேலாளரைக் கூட்டிக்கொண்டு மற்ற வீடுகளுக்குப் போனேன். ஒன்பது வீடு பார்த்தோம். ஆறில் கயிறு சுருட்டிக் கட்டியிருந்தது. ஒன்றில் கயிற்றில் துண்டு காயப் போட்டிருந்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னு குரூப்ல போட்டிருந்தாங்களே" என்றார். மேலாளர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறியது, மறைக்காமல் சொல்கிறேன். அவரும் மோசமானவர் இல்லை. இருக்கிற ஆட்களை வைத்து ஓட்டுகிறார். இந்த வேலைக்கு எட்டு மாதத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை என்றார். தருகிற சம்பளத்துக்கு ஏன் நிற்பார்கள் என்று நானும் கேட்டேன்.

அதன்பிறகு செய்தது சின்ன விஷயங்கள்தான். எல்லாக் கயிறும் அவிழ்த்துவிடப்பட்டது. உள்தாழ்ப்பாளைக் கழற்றி, வெளியே சாவியால் திறக்கிற பூட்டு. மணி இப்போது செவிலியரின் போனுக்கும் போகிறது. காவலாளிக்கு ஒரு பழைய மொபெட். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு வீட்டிலும் கயிற்றை ஒரு முறை இழுத்தே ஆக வேண்டும், ஆள் வந்தே ஆக வேண்டும். மணி வேலை செய்கிறதா என்று பார்க்க என்று பெயர். வாரா வாரம் இழுத்துப் பழகிவிட்டால், ராத்திரியில் இழுக்கக் கூச்சம் இருக்காது.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை. அம்மாவுக்கு அப்பாவின் மில் பென்ஷன் வருகிறது, பிஎஃப் பென்ஷன். 2014-இல் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்களே, அந்த ஆயிரம்தான். அந்த ஆயிரத்துக்கு வருஷா வருஷம் உயிரோடு இருப்பதாக ரேகை வைக்க வேண்டும். அம்மா கை பருத்தி எடுத்த கை, ரேகை தேய்ந்துபோய்விட்டது. புது மூட்டோடு சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன், பத்து விரலும் மாற்றி மாற்றி வைத்தார்கள், பதியவில்லை, 'நாளைக்கு வாங்க' என்றார் கவுன்டரில் இருந்தவர். முகத்தைக் காட்டியே கைப்பேசியில் வாழ்நாள் சான்று கொடுக்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரருடைய பேரன் சொன்னான். ஐந்து நிமிஷ வேலை. உங்கள் அப்பாவுக்குப் பென்ஷன் இருந்தால் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உறவுக்காரர்களைப் பற்றியும் எழுத ஆரம்பித்தால் விடியும். "என்னம்மிணி, அம்மாளை ஹோம்ல உட்டுட்டீங்களாமா" என்று கல்யாண மண்டபத்தில் பந்தியில் வைத்துக் கேட்ட சித்தி மகள், அறுவை நடந்தபோது ஒரு போன் செய்யவில்லை.

அம்மா அதே இடத்தில்தான் இருக்கிறார். வாக்கர் பிடித்து நடக்கிறார். வேறு இடம் பார்க்கலாமா என்றேன், காபி கொண்டு வருகிற அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். அவளும் எத்தனை மாதம் இருப்பாளோ. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பகலில் போகாதீர்கள், பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். பெரும்பாலான இடங்களில் விருந்தினர் அறை இருக்கும், வாடகை கட்டி அப்பாவோடு இரண்டு ராத்திரி தங்குங்கள். குடியிருப்பவர்கள் யாராவது வீட்டுக்குள் கூப்பிட்டால் பாத்ரூமுக்குப் போய்க் கயிறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். இரண்டாம் ராத்திரி, மேலாளரிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு உங்கள் அறைக் கயிற்றை ஒரு முறை இழுங்கள். எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள் என்று கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தவரிடம் தெரியாமல் இழுத்துவிட்டதாகச் சொல்ல வேண்டியவர் உங்கள் அப்பா. நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.