மயில் இறகை அம்மியில் அரைத்த பிள்ளைக்குத் ‘தேர்ட் ஷை’ வேண்டாம்

மல்லாவிப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் இரண்டாம் தரமும் எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். இஞ்சினியரிங் வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறிவிட்டது. “பி.எஸ்.சி. முடிச்சுப்போட்டு, வேலை கேட்டுக் கச்சேரி வாசலிலை பதாகை பிடிக்கவோ அனுப்பிறியள்?” என்று சொந்தக்காரர் கேட்கிறார்களாம். கனடாவில் இருக்கும் மாமா, மூன்றாம் தரம் (அதுதான் ‘தேர்ட் ஷை’) எழுதட்டும், அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் காசு கட்டிப் படிக்கட்டும், பாதிச் செலவு தன்னுடையது என்கிறார். மீதிக்கு வயலில் இரண்டு ஏக்கரை விற்க அப்பா யோசிக்கிறார்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: “இவள் சின்னனிலையே ஒரு மாதிரி. மயில் இறகை அம்மியிலை அரைச்சுப்போட்டு, நீலம் எங்கை போனதெண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சவள்.”

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் நேராகவே சொல்கிறேன். காணியை விற்காதீர்கள். பிள்ளையை மூன்றாம் தரம் இருத்தாதீர்கள். இஞ்சினியரிங்தான் வேண்டும் என்று அவளே அழுதிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். மூன்று பக்கக் கடிதத்தில் மாமாவின் விருப்பம் இருக்கிறது, அப்பாவின் கவலை இருக்கிறது. அவளுடையது என்று இருப்பது அந்த இறகு மட்டும்தான்.

இஞ்சினியரிங், மருத்துவம், வங்கி பற்றிச் சொல்ல ஊரில் ஆட்கள் நிறைய. நான் இறகைப் பற்றிச் சொல்கிறேன்.

அரைத்தபோது அவளுக்குப் பழுப்புத் தூள்தான் கிடைத்திருக்கும். மயில் இறகில் நீலச் சாயம் கிடையாது. இருப்பது மெலனின், நம் தலைமயிரைக் கறுப்பாக்குகிற அதே பொருள். அது கண்ணுக்குத் தெரியாத நுண்கோல்களாக வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கிறது. கோலுக்குக் கோல் ஏறத்தாழ 140 நானோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீற்றர்) என்றால் நீலம், 150 என்றால் பச்சை. அரைத்ததில் அடுக்குக் குலைந்தது, நீலம் போய்விட்டது. அடுக்கினாலேயே ஒளியை ஆளுகிற இந்த அமைப்பை ஒளிப்பளிங்கு என்கிறோம்.

அதை ஆய்வுகூடத்தில் அலுமினியத்தில் வளர்க்கலாம். மிகத் தூய அலுமினியத் தகட்டைக் கண்ணாடி போல மினுக்கி, குளிர்ந்த ஒட்சாலிக் அமிலத்தில் அனோட்டாக, அதாவது நேர்மின்முனையாகத் தொங்கவிட்டு 40 வோல்ற் கொடுத்தால், மேலே ஒட்சைட்டுப் படலம் வளரும். படலம் முழுக்கத் துளை. தேன்வதை போல அறுகோண ஒழுங்கில், துளைக்குத் துளை 100 நானோமீற்றர் அளவில். சல்பூரிக் அமிலத்தில் 25 வோல்ற் என்றால் அது 65 அளவுக்கு இறங்கும், பொசுபோரிக் அமிலத்தில் 195 வோல்ற் என்றால் 500 வரை ஏறும். உயர்தரத்தில் அவள் படித்த மின்பகுப்புத்தான் இது. தொடக்கத்தில் துளைகள் தாறுமாறாக வரும், ஆழத்தில்தான் ஒழுங்குபடும். அதனால் முதல் படலத்தைக் கரைத்து எறிந்துவிட்டு, அது தகட்டில் விட்டுப்போன குழிகளிலிருந்து இரண்டாவது படலத்தை வளர்ப்பார்கள். ஜப்பானில் மசூடாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990களின் நடுவில் காட்டிய வழி இது.

நிறம் வருவது அதற்கு அப்புறம். மின்னோட்டத்தை ஒரே அளவில் விடாமல் அலை அலையாகக் கூட்டிக் குறைத்தால், துளைவெளி கூடிய படையும் குறைந்த படையும் மாறி மாறி அடுக்கப்படும். ஒவ்வொரு சோடியிலும் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கிற அளவு, மாறுவதால், குறித்த ஓர் அலைநீளம் மட்டும் பலமாகத் திரும்பி வரும். அலையை நீட்டினால் நிறம் சிவப்புப் பக்கம் போகும், சுருக்கினால் நீலப் பக்கம். பிறகு ஐதான பொசுபோரிக் அமிலத்தில் ஊறவிட்டுத் துளையை அகலமாக்கினால், ஒட்சைட்டு இருந்த இடத்தைக் காற்றுப் பிடிக்க, நிறம் இன்னும் நீலப் பக்கம் நகரும்.

பச்சையாக மின்னும் அப்படியொரு தகட்டில் ஒரு துளி அற்ககோல் விட்டால், அந்த இடம் மட்டும் சிவப்பை நோக்கி நகரும். காயக் காயப் பச்சை திரும்பும். துளைச் சுவரில், குறித்த ஒரு பொருளை மட்டும் பிடிக்கிற பூச்சைப் பூசினால் அதுவே உணரி. தண்ணீரில் பாதரச அயனைக் கண்டுபிடிக்கக்கூட இப்படி முயன்றிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் அடிலெய்ட், ஸ்பெயினில் தர்ரகோனா போன்ற இடங்களில் இதற்கென்றே குழுக்கள் உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவைச் சுரண்டிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற நமக்கு, இதன் அருமை சொல்லத் தேவையில்லை.

தேவைப்படுவது நேரோட்ட மின்வழங்கி, அமிலம், பனிக்கட்டி, கணினி, நிறமாலைமானி. துளைகளைக் கண்ணால் பார்க்கத்தான் இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். ஒன்று, வீட்டுக் கொட்டிலில் செய்து பார்க்க விடாதீர்கள். மினுக்கும்போது பயன்படுகிற பேர்குளோரிக் அமிலம் வெடிக்கக்கூடியது.

பதாகைப் பேச்சுக்கு வருகிறேன். அது பொய்யில்லை. மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்று, கையில் ஆய்வுகூடப் பழக்கம் ஒன்றும் இல்லாமல் வந்தால் அந்த வரிசையில் நிற்க நேரலாம். ஆகவே பௌதிகவியலையும் இரசாயனவியலையும் அவள் விடக்கூடாது. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகும் அளவுக்கு முதல் வருடத்திலிருந்தே புள்ளி எடுக்க வேண்டும். கடைசி வருட ஆய்வை ஏனோதானோ என்று செய்யக்கூடாது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், இப்போதே வாசிக்கத் தொடங்கட்டும். வன்னியில் இதற்கென்று தொழிற்சாலை கிடையாது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் யன்னல் சட்டத்துக்கு நிறமேற்றும் அலுமினியத் தொழிற்சாலைகள் இதே மின்பகுப்பைத்தான் செய்கின்றன. 2008இல் தொடங்கிய இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனம் ஹோமாகமவில் இருக்கிறது. வெளிநாட்டில் பிஎச்.டி. ஆய்வுக்கு இடம் கிடைப்பவர்களில் பலருக்குக் கட்டணமும் இல்லை, மாதப் படியும் உண்டு.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. மகாபொலப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கள். அறை வாடகையும் சாப்பாடும்தான் செலவு, அது போகம் போகமாகச் சமாளிக்கக்கூடியது. விற்ற வயல் திரும்பி வராது. மாமாவின் பாதிக் காசும் கடன்தான். அந்தக் கடன் பிள்ளையின் தலையில் இருபது வருடம் இருக்கும். உதவத்தான் வேண்டும் என்றால், இப்போது ஒரு மடிக்கணினி வாங்கித் தரட்டும். நாலு வருடம் கழித்து வெளிநாட்டு விண்ணப்பக் கட்டணங்களைப் பார்க்கட்டும்.

பதிவுக் கடிதத்தில் உள்ள திகதியைத் தவறவிடாதீர்கள். மாமா என்னோடு கதைக்க விரும்பினால் ஞாயிறு பின்னேரம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் இந்தக் கடிதத்தை மகளிடம் கொடுத்து, அரைத்த இறகின் கதையை அவள் வாயால் ஒருக்கால் கேளுங்கள்.