7.2, 7.4, 7.6: ஃபயர்வாலில் எந்த வெளியீட்டை ஏற்றுவது?

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைத் தனியாளாகக் கவனித்துவரும் வாசகர் கேட்டிருக்கிறார்: தலைமை அலுவலகத்தில் இணையாக இயங்கும், ஃபோர்டிநெட் நிறுவனத்தின் இரண்டு ஃபோர்டிகேட் 100எஃப் ஃபயர்வால் கருவிகளும், கிளை அலுவலகங்களில் தலா ஒரு ஃபோர்டிகேட் 60எஃப் கருவியும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவற்றின் இயக்க மென்பொருளான ஃபோர்டிஓஎஸ் 7.0.12 ஓடுகிறது. வெளியிலிருந்து வேலை செய்பவர்கள் தலைமை அலுவலகக் கருவியின் எஸ்எஸ்எல் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக உள்ளே வருகிறார்கள். கருவியை விற்ற முகவர் 7.6-க்குப் போகச் சொல்கிறார். நண்பர் ஒருவரோ 7.2-தான் நிலையானது என்கிறார். எதை ஏற்றுவது?

7.4 வரிசையில், திருத்தங்களை முதன்மையாகக் கொண்டது என்ற 'மெச்சூர்' முத்திரை பெற்ற அண்மை வெளியீட்டை ஏற்றுங்கள் என்பதே என் பதில். ஆனால் அந்த முடிவைவிட அவசரமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

7.0.12 என்பது 2023 ஜூனில் வெளிப்பட்ட சிவிஇ-2023-27997 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைபாடுகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவெண்) என்ற குறைபாட்டை அடைப்பதற்காக வந்த வெளியீடு. அதற்குப் பிறகு, 2024 பிப்ரவரியில், எஸ்எஸ்எல் விபிஎன் சேவையிலேயே சிவிஇ-2024-21762 வெளிப்பட்டது, 7.0 வரிசையில் அதற்கான திருத்தம் 7.0.14-இல்தான் வந்தது. 2025 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமலே நிர்வாகி உரிமையைப் பெற வழிவிடும் சிவிஇ-2024-55591 அறிவிக்கப்பட்டது; அது 7.0.17-இல் சரிசெய்யப்பட்டது. இரண்டையுமே தாக்குதல்காரர்கள் நடைமுறையில் பயன்படுத்தினார்கள். ஆகவே வரிசை மாற்றத்துக்கான திட்டம் தயாராகும்வரை காத்திருக்காமல், 7.0 வரிசையின் கடைசி வெளியீட்டுக்கு இந்த வாரமே போய்விடுங்கள். அதுவரை எஸ்எஸ்எல் விபிஎன்னை முழுமையாக நிறுத்திவையுங்கள். உலாவி வழியாக நுழையும் வெப் மோடை மட்டும் அணைப்பது 21762-க்குத் தீர்வாகாது என்று தயாரிப்பாளரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நிர்வாகப் பக்கம் இணையத்திலிருந்து திறக்குமானால் அதையும் இன்றே மூடுங்கள்.

புதிய வெளியீட்டை ஏற்றிவிட்டால் பழைய ஊடுருவல் தானாக நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. முந்தைய ஓட்டைகள் வழியாக நுழைந்தவர்கள் எஸ்எஸ்எல் விபிஎன்னின் மொழிக் கோப்புகள் இருக்கும் இடத்தில் ஒரு குறியீட்டு இணைப்பை (வேறொரு கோப்பிடத்துக்கான குறுக்குவழியை) விட்டுச் சென்றிருந்தார்கள் என்பதும், ஓட்டை அடைக்கப்பட்ட பிறகும் அதன் வழியாகக் கருவியின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்புகளைப் படிக்க முடிந்தது என்பதும் 2025 ஏப்ரலில் வெளிவந்தன. அந்த இணைப்பை நீக்கும் வேலையை 7.0.17, 7.2.11, 7.4.7, 7.6.2 ஆகிய வெளியீடுகள் செய்கின்றன. ஆனால் ஏற்கெனவே களவு போன கடவுச்சொற்களை எந்த வெளியீடும் திருப்பித் தராது. நிர்வாகிகளின் பட்டியலில் நீங்கள் உருவாக்காத, எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுபோன்ற பெயர்கள் இருக்கின்றனவா, விபிஎன் குழுவில் புதியவர் யாரேனும் சேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். எதுவும் கண்ணில் படாவிட்டாலும், நிர்வாகிக் கடவுச்சொற்கள், உள்ளூர்ப் பயனர் கடவுச்சொற்கள், கிளைகளுக்கிடையிலான மறையாக்க இணைப்புகளான டனல்களின் பகிர்வுச் சாவிகள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். முகவரும் நண்பரும் வாதிடுவது ஒரே முடிவைப் பற்றியதுபோலத் தோன்றினாலும், இதில் இரண்டு முடிவுகள் கலந்திருக்கின்றன. 7.2, 7.4, 7.6 ஆகியவற்றில் எந்த வரிசை என்பது ஒன்று. அந்த வரிசைக்குள் மூன்றாவது எண் என்னவாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வரிசையை நிதானமாக, ஓராண்டு, ஈராண்டுக் கணக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது எண்ணை விரைவாக நகர்த்த வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இது தலைகீழாக நடக்கிறது: புது வரிசை வந்ததும் ஆசையோடு ஏற்றிவிட்டு, அதன் பிறகு ஈராண்டு அதைத் தொடுவதே இல்லை.

பழையதே பாதுகாப்பு, புதியதே பாதுகாப்பு என்ற இரண்டு நம்பிக்கைகளையும் அண்மைக்கால நிகழ்வுகள் பொய்யாக்கியிருக்கின்றன. மேலே சொன்ன 55591, ஃபோர்டிஓஎஸ்ஸைப் பொறுத்தவரை 7.0 வரிசையை மட்டுமே பாதித்தது, 7.2-க்கும் 7.4-க்கும் முன்பே நகர்ந்தவர்கள் தப்பித்தார்கள். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2024 ஏப்ரலில், பாலோ ஆல்டோ என்ற மற்றொரு ஃபயர்வால் நிறுவனத்தின் பான்-ஓஎஸ் மென்பொருளில் வெளிப்பட்ட சிவிஇ-2024-3400 நேர்மாறாக நடந்துகொண்டது: 10.2, 11.0, 11.1 ஆகிய புதிய வரிசைகள் பாதிக்கப்பட்டன, பழைய 10.1 பாதிக்கப்படவில்லை. ஆகவே வரிசையின் வயதை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. திருத்தம் வெளியான சில நாட்களில் அதை ஏற்றும் நிலையில் நாம் இருக்கிறோமா என்பதுதான் அளவுகோல். அந்த நிலையில் இருக்க வேண்டுமானால், நாம் இருக்கும் வரிசைக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஃபோர்டிஓஎஸ்ஸின் ஒவ்வொரு வரிசைக்கும் வெளியான நாளிலிருந்து 36 மாதங்கள் பொறியியல் ஆதரவும் (வழக்கமான திருத்தங்கள்), 54 மாதங்களில் எல்லா ஆதரவுக்கும் முற்றான முடிவும் உண்டு. அந்தக் கணக்கில் 7.0 வரிசை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் நண்பர் சொல்லும் 7.2-க்குப் பொறியியல் ஆதரவு 2025 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. 2026 செப்டம்பர் 30 அதன் கடைசி நாள். இவ்வளவு உழைத்து அங்கே போய்ச் சேர்ந்து, உடனே அடுத்த பயணத்துக்கு மூட்டை கட்டுவதில் பொருளில்லை. 7.4-க்குப் பொறியியல் ஆதரவின் எல்லை 2026 மே 11, முற்றான முடிவு 2027 நவம்பர் 11. நாட்காட்டியை மட்டும் பார்த்தால் 2024 ஜூலையில் வெளிவந்த 7.6-தான் முந்தி நிற்கிறது. முகவரின் வாதத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் முகவர் உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடியது புதிய வசதிகளின் பட்டியல். வெளியீட்டுக் குறிப்பில் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது நீக்கப்பட்டவற்றின் பட்டியல். 7.6.3-லிருந்து எல்லா மாடல்களிலும், பயனரின் கணினியையே உள்வலையோடு இணைக்கும் எஸ்எஸ்எல் விபிஎன்னின் டனல் முறை எடுக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் ஐபிசெக் என்ற வேறு வகை விபிஎன்னைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். பழைய அமைப்புகள் புதியதாக மாற்றித் தரப்படுவதுமில்லை. அதாவது ஞாயிறு இரவு 7.6.3-ஐயோ அதற்குப் பிந்தையதையோ ஏற்றினால், திங்கள் காலை டனல் முறையில் வருபவர்கள் ஒருவராலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கருவியைக் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் அது சொன்னபடியே நடந்திருக்கிறது.

7.4-இலும் உங்கள் கிளை அலுவலகங்களைத் தொடும் நீக்கம் ஒன்று உண்டு. 60எஃப் கருவியில் இருப்பது 2 ஜிபி நினைவகம். 2 ஜிபி மாடல்களில், கருவி இடையில் நின்று தரவை வாங்கிச் சோதித்து அனுப்பும் ப்ராக்ஸி சார்ந்த வசதிகள் அனைத்தும் 7.4.4-லிருந்து நீக்கப்பட்டுள்ளன: ப்ராக்ஸி முறைச் சோதனை, எக்ஸ்ப்ளிசிட் ப்ராக்ஸி, ஜீரோ டிரஸ்ட் அணுகல், வலைச் செயலிகளுக்கான பாதுகாப்பு அடுக்கு ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது எண் மாறினால் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று எண்ணுபவர்களுக்கு இது நல்ல மறுப்பு. கிளைகளின் பாலிசிகளை (போக்குவரத்து விதிகளை) திறந்து, எவை ப்ராக்ஸி முறையில் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றை இப்போதைய வெளியீட்டிலேயே, தரவு கடந்துபோகும்போதே சோதிக்கும் ஃப்ளோ முறைக்கு மாற்றி ஒரு வாரம் ஓடவிடுங்கள். சிக்கல் வந்தால் அது சோதனை முறையால் வந்ததா, புது வெளியீட்டால் வந்ததா என்ற குழப்பம் இருக்காது. அதே வாரத்தில் நினைவகப் பயன்பாட்டையும் கவனியுங்கள். 88 சதவீதத்தைத் தொட்டதும் கருவி, நினைவகத்தை மிச்சப்படுத்தும் கன்சர்வ் மோடுக்குள் போய்விடும். 95-ஐத் தொட்டால் புதிய இணைப்புகளைக் கைவிடத் தொடங்கும். வேலை குறைந்த நேரத்திலேயே 70 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் 60எஃப் கருவியில், தேவையற்ற சோதனைப் புரொஃபைல்களைக் குறைக்காமல் நான் எந்தப் புது வரிசையையும் ஏற்ற மாட்டேன்.

ஆகவேதான் 7.4. அதன் ஆயுளை ஐபிசெக் விபிஎன்னுக்கு ஆட்களை மாற்றும் கால அவகாசமாகக் கொள்ளுங்கள். எஸ்எஸ்எல் விபிஎன்னையும் ஐபிசெக்கையும் ஒரே கருவியில் சேர்த்து ஓடவிட்டு, பத்துப் பத்துப் பேராக மாற்றலாம். சில விடுதிகளின் வைஃபை, ஐபிசெக் பயன்படுத்தும் யுடிபி 500, 4500 போர்ட்டுகளை விடுவதில்லை என்பதால், அடிக்கடி பயணம் செய்யும் விற்பனைப் பிரிவினரை முதல் பத்துப் பேரில் சேர்த்துவிடுங்கள். மாற்றம் முடிந்ததும் 7.6-க்குத் தடை எதுவும் இல்லை.

'மெச்சூர்' முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய புது வசதிகள் சேர்க்கப்படாத, திருத்தங்களை மட்டும் முதன்மையாகக் கொண்ட வெளியீடு என்பதே அதன் பொருள். பிழையே இல்லை என்பதல்ல. சிஸ்கோவின் தங்க நட்சத்திரமும் பாலோ ஆல்டோவின் 'பிரிஃபர்டு' குறியும் ஏறக்குறைய இதே வகைப் பரிந்துரைகள்தாம். முத்திரையைப் பார்த்த பிறகு, தெரிந்த சிக்கல்களின் பட்டியலில் 100எஃப், 60எஃப் என்ற பெயர்களையும், நீங்கள் பயன்படுத்தும் வசதிகளையும் தேடிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். தாக்குதலில் இருக்கும் ஓட்டையை அடைக்காத வெளியீடாக இருந்தால், வெளிவந்து மூன்று நான்கு வாரங்கள் கழித்து ஏற்றலாம். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 முதல் பராமரித்துவரும், நடைமுறையில் தாக்கப்படும் குறைபாடுகளின் பட்டியலில் ஏறிவிட்டால் காத்திருப்புக்கு இடமில்லை.

ஏற்றும்போது 7.0-இலிருந்து நேராக 7.4-க்குத் தாவாதீர்கள், தயாரிப்பாளரின் ஆதரவுத் தளத்தில் உள்ள அப்கிரேடு பாத் கருவி சொல்லும் இடைநிலைகள் வழியாகவே போங்கள். ஒவ்வொரு நிலையிலும் கான்ஃபிக் கோப்பைத் தனித்தனியாகச் சேமியுங்கள். கருவியின் ஃப்ளாஷில் இரண்டு பகுதிகள் உண்டு. புதியது ஒன்றில் ஏற, முந்தையது மற்றதில் இருக்கும். திரும்ப வேண்டுமானால் அந்தப் பகுதியிலிருந்து துவக்கலாம். பலர் மறந்துவிடுவது, இரண்டு நிலை தாண்டிய பிறகு அங்கே இருப்பது 7.0 அல்ல, இடைநிலையான 7.2 என்பதை. மற்றபடி பழைய வெளியீட்டை மேலேயே ஏற்றிப் பின்வாங்கினால், இன்டர்ஃபேஸ் முகவரி, கையால் அமைத்த நிலையான ரூட்டுகள், நிர்வாகிக் கணக்கு போன்ற சிலவற்றைத் தவிர எல்லா அமைப்புகளும் போய்விடும்.

முதலில் ஒரே ஒரு கிளையில், ஆள் ஒருவர் கன்சோல் கேபிளோடு பக்கத்தில் இருக்கும்போது ஏற்றுங்கள். ஏறியதும் 'டயக்னோஸ் டீபக் கான்ஃபிக்-எரர்-லாக் ரீட்' என்ற கட்டளையைக் கொடுத்தால், புது வெளியீடு ஏற்க மறுத்த வரிகள் அப்படியே வரும். வெற்றிடமாக இருந்தால் நல்லது, பாலிசி எண் ஏதும் தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் அடுத்த கிளைக்குப் போகாதீர்கள். தலைமை அலுவலக இணையைக் கடைசியாக வையுங்கள். அங்கே துணைக் கருவி முதலில் மேம்பட்டு, போக்குவரத்தை ஏற்றுக்கொண்ட பிறகே முதன்மைக் கருவி மேம்படும். நடப்பு இணைப்புகளின் விவரத்தை மற்றக் கருவிக்கும் பகிரும் செஷன் பிக்அப் இயங்கும் நிலையில் இல்லையென்றால் அந்தக் கைமாற்றத்தில் நடப்பில் உள்ள இணைப்புகள் அறுந்துவிடும் என்பதால், அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி ஆவணங்கள் குவியும் மாதக் கடைசி வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.