மண்டப வாசலில் கழற்றிய கண்ணாடி

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்குப் பிறவியிலேயே அக்ரோமடோப்சியா என்ற அபூர்வக் கண் கோளாறு. நிறம் தெரியாது, வெளிச்சத்தில் கண் கூசும். புதுச்சேரியில் காட்டி அடர் சிவப்புக் கண்ணாடி போட்டிருக்கிறோம். விசேஷங்களுக்குப் போனால் மட்டும் மண்டப வாசலிலேயே கழற்றி என் கைப்பையில் வைத்துக்கொள்வேன். தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். 'எவ்வளவு அடக்கமான பெண்' என்று எல்லோரும் புகழ்வார்கள். என் அத்தைதான் மாமியார். அவரோ 'உன் வழியில் வந்த குறை' என்கிறார். அடுத்த மாதம் கொழுந்தனார் கல்யாணம். ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் இருந்தால் கண் கெட்டுவிடுமா? சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போடலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கண் கெடாது. அந்த ஒரு நாள் அவளுக்குக் கண்ணே இருக்காது, அவ்வளவுதான்.

போகிற போக்கில் 'அடக்கம்' என்று எழுதிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அது அடக்கம் இல்லை அம்மா, வேதனை. சீரியல் விளக்கும் வீடியோக்காரர் முகத்துக்கு நேரே பிடிக்கிற விளக்கும் எரிகிற இடத்தில், ஒரு குழந்தை தன் மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனது யார் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அதற்கு ஊர் பாராட்டு வேறு, அதைக் கேட்டு உங்களுக்குப் பெருமை வேறு!

விழித்திரையில் பகலுக்கும் நிறத்துக்கும் கூம்புச் செல்கள், மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சிச் செல்கள். உங்கள் மகளுக்குக் கூம்புச் செல்கள் வேலை செய்வதில்லை. நாம் இருட்டில் பயன்படுத்துவதை வைத்துக்கொண்டு அவள் பட்டப்பகலைச் சமாளிக்கிறாள். வெளிச்சம் கூடினால் அவை திணறி, எல்லாமே வெளுத்துப்போகும். சிவப்பு ஒளி குச்சிச் செல்களுக்கு அவ்வளவாக உறைக்காது. அதனால்தான் சிவப்புக் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி எல்லா ஒளியையும் பொதுவாகக் குறைக்கும். ஒன்றும் இல்லாததற்குத் தேவலை, சிவப்புக்கு ஈடாகாது. எதைப் போட்டாலும் பக்கவாட்டில் வெளிச்சம் புகுந்தால் பாதி வீண். கன்னப்பொட்டு வரை சுற்றி மூடும் ஃபிரேம் வாங்குங்கள், வெயிலில் முன்விளிம்பு நீண்ட தொப்பியும் வேண்டும். வீட்டுக்குள் போட இன்னும் வெளிர் சாயத்தில் ஒரு ஜோடி சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பள்ளியில் முதல் பெஞ்சு, சன்னலுக்கு முதுகு. இதை நீங்களே போய் டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம் மாமியார் விஷயம். இந்தக் குறை வர, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்திருக்க வேண்டும். அத்தை மகனைக் கட்டியவரிடம் 'உன் வழி' என்கிறாரே, அங்கே இரண்டு வழி ஏது?

கடிதம் முழுக்கத் தேடினேன், உங்கள் கணவரைக் காணோம். அவருடைய தம்பி கல்யாணம்தானே? 'என் மகள் பக்கம் விளக்கைத் திருப்பாதீர்கள்' என்று வீடியோக்காரரிடம் சொல்வதும், யாராவது கேட்டால் 'அவள் கண்ணுக்கு அது தேவை' என்று சபையில் உரக்கச் சொல்வதும் தகப்பன் வேலை. குடும்ப மானம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பெற்ற பிள்ளையைக் கண் கூச உட்காரவைத்துக் காப்பாற்றுகிற மானம் எனக்கு மானமாகத் தெரியவில்லை.

கண்ணாடியை எப்போது கழற்றுவது என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போங்கள். அங்கே அவளே கழற்றி உங்களிடம் நீட்டுவாள். அப்போது வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.