மருந்து தந்த மஞ்சளா?

அன்புள்ள ஐயா,

வான்கோவின் மனநோய்க்கு உண்மையான காரணம் என்ன? வலிப்பு என்கிறார்கள், அப்சிந்த் மது என்கிறார்கள், வண்ணத்தில் இருந்த ஈயம் என்கிறார்கள். டாக்டர் காஷே கொடுத்த டிஜிட்டாலிஸ் மருந்தால் பார்வையே மஞ்சளாகி, அதனால்தான் சூரியகாந்திகளை அப்படி வரைந்தார் என்றும் படித்தேன். நோய் இல்லாவிட்டால் அந்த ஓவியங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் சித்தப்பாவின் திதி. இல்லாவிட்டால் உடனே பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் அந்த மஞ்சள் கதையை முடித்துவிடுவோம். பிரான்சின் ஆர்ல் ஊரில் அவர் சூரியகாந்திகளை வரைந்தது 1888 ஆகஸ்டில். காதை அறுத்துக்கொண்டது அந்த டிசம்பர் 23. காஷேயைச் சந்தித்ததோ 1890 மே மாதம். இன்னும் கண்ணால் பார்க்காத டாக்டரின் மருந்து எப்படி ஐயா வேலை செய்யும்? காஷேயை வரைந்த படத்தில் மேசைமேல் அந்த மருந்து எடுக்கிற டிஜிட்டாலிஸ் செடி இருக்கிறது, அவ்வளவுதான். குரோம் மஞ்சள் இத்தனை ட்யூப் வேண்டும் என்று பாரிஸிலிருந்த தம்பி தேயோவுக்கு மளிகைச் சீட்டு மாதிரி எழுதி அனுப்பியவர் அவர். 1888 செப்டம்பரில் வரைந்த இரவுப் படத்தில் கஃபே விளக்கின் மஞ்சளுக்குப் பக்கத்திலேயே நீல வானத்தை வைத்தார். தெரிந்து வைத்த மஞ்சள் அது.

அப்சிந்த், ஈயம் எல்லாம் கிடக்கட்டும். வலிப்பு என்று ஆர்லில் டாக்டர் ரே சொன்னார், பிறகு சான்ரெமி மனநோய் விடுதியில் டாக்டர் பேரோனும் சொன்னார். இன்று, உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு என்கிறார்கள். இருக்கலாம்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டிருக்கலாம். நோய் முற்றியபோது அவர் வண்ணத்தை எடுத்துத் தின்னப் பார்த்தார். தூரிகையைத் தொடவிடாமல் வைத்திருந்தார்கள். வாரக்கணக்கில் வேலை நின்றது. வரைந்ததெல்லாம் பெரும்பாலும் தெளிந்த நாட்களில்தான். நமக்குப் படம் கிடைக்க அவருக்கு நோய் வர வேண்டுமா?

சித்தப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். 26 வயதில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். உச்சிவேளையில் முனி அடித்துவிட்டது என்றாள் பாட்டி. பெண் கொடுக்க மறுத்த வீட்டார் மருந்து வைத்துவிட்டார்கள் என்றாள் அத்தை. கண்விழித்துப் படித்து மூளை சூடாகிவிட்டது என்றார் அப்பா. ஒவ்வொரு காரணத்திலும் சொன்னவர் தப்பித்துக்கொண்டார். பாகப்பிரிவினையில் கிணறில்லாத நிலத்தை அவர் தலையில் கட்டியது மட்டும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அதுதான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் யார் வாயிலும் அது வரவே இல்லை, பாருங்கள்.

ஆர்லில் 1889இல் அக்கம்பக்கத்தார் சுமார் 30 பேர் கையெழுத்துப் போட்டு, இவரை அடைத்துவையுங்கள் என்று மேயருக்கு மனு கொடுத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே ஊரில் தபால் வேலை பார்த்த ரூலான், ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து தேயோவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். நோய்க்குக் காரணம் தேடுகிறவர்கள் ரூலானைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மனுப் போட்டவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. சித்தப்பா அறைக்குச் சோறு கொண்டுபோவது சின்ன வயதில் என் வேலை. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஒரே ஓட்டமாக ஓடி வந்துவிடுவேன். சாயங்காலம் போனால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும்.